பாராளுமன்றமும் நம் பஞ்சாயத்துச் சட்டமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர்களுக்குமான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதிரியான முகாம்களில் எருக்குழி, நாற்றங்கால், குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு முதலியவற்றைப் பற்றிப் பேசுவதுதான் நமது வழக்கம். இன்று டில்லிப் பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். காரணம் இதற்கு முந்திய முகாமில் எழுந்த ஒரு கேள்வி. பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, "ஐயா, எங்கள் ஊர் வாய்க்காலைத் தூரெடுக்கப் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டோம். அது எங்கள் அதிகாரத்தில் உள்ளதா என்று கேட்டால், சட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அந்தச் சட்டத்தை யார், எங்கே உட்கார்ந்து எழுதினார்கள்? எழுதும்போது எங்களை யாராவது கேட்டார்களா?" என்றார். மேடையிலிருந்த நாம் ஏதோ பதில் சொன்னோம். ஆயினும் அவர் திருப்தியடையவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் திருப்தியில்லை. அந்தக் கேள்விக்கான விடையே இன்றைய பேச்சு.

இக்கேள்வி எம்மை உறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பஞ்சாயத்துத் தேர்தல் நடைபெறாத காலங்களில், தனி அலுவலர் என்ற பெயரில் பஞ்சாயத்துகளின் பொறுப்பு எம் போன்ற அதிகாரிகளின் தலையில் வந்து சேர்ந்ததுண்டு. முப்பதுக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளின் கணக்குகளில் ஒருவரே கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்நாளில் ஓர் அம்மாள் அலுவலகம் வந்து, தன் தெருவின் கைப்பம்பு மூன்று வாரமாக வேலை செய்யவில்லை என்றார். எந்தத் தெரு என்று கேட்டோம். பெயரைச் சொன்னார். அது எந்த ஊரில் உள்ளதென்று மறுபடியும் கேட்க நேர்ந்தது. அவர் முகத்தில் அப்போது தோன்றியதை நாம் மறக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் ஒருவர் அந்த வார்டில் இருந்திருந்தால் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார். ஆகவே, பஞ்சாயத்து என்பது எவரோ மனமுவந்து அளிக்கும் சலுகையா, அல்லது சட்டம் வலியுறுத்தும் உரிமையா என்பது புத்தகக் கேள்வியன்று.

முதலில் பாராளுமன்றம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பாராளுமன்றம் என்றால் இரண்டு சபைகள் என்றே பலர் எண்ணுகின்றனர். அரசியல் சட்டத்தின்படி ஜனாதிபதியும் அதன் ஓர் அங்கமே. அவர் எந்தச் சபையிலும் உட்காருவதில்லை. எனினும், அவர் கையொப்பமின்றி எந்த மசோதாவும் சட்டமாவதில்லை. இரு சபைகளில் லோக் சபை மக்களால் நேராகத் தேர்ந்தெடுக்கப்படுவது. அதற்கு 543 தொகுதிகள், தமிழ்நாட்டுக்கு 39. அதன் ஆயுட்காலம் ஐந்தாண்டு. அதற்குள்ளேயே கலைக்கப்படவும் கூடும். ராஜ்ய சபையில் 245 இடங்கள். அவற்றுள் தமிழ்நாட்டுக்கு 18. அவர்களை நம் சட்டசபை அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். பன்னிருவரை ஜனாதிபதி நியமிக்கிறார். ராஜ்ய சபையைக் கலைக்க முடியாது; இரண்டாண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற, அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருவர். ஏரியில் ஒரு பக்கம் நீர் வடிய மறுபக்கம் வரத்து வந்துகொண்டிருப்பது போல் அச்சபை எந்நாளும் இருந்துகொண்டே இருக்கும்.

லோக் சபைக்குத் தலைமை வகிப்பவர் சபாநாயகர்; ராஜ்ய சபைக்கு உதவி ஜனாதிபதி. சபாநாயகர் முதலில் வோட்டளிப்பதில்லை. இரு பக்கமும் சமமாக நிற்கும்போது மட்டுமே அளிப்பார். நம் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை வேண்டியிருப்பது போல் அங்கும் உண்டு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால்தான் சபை நடக்கலாம். ஆண்டில் மூன்று கூட்டத் தொடர்கள் நடப்பது வழக்கம். வரவு செலவுத் திட்டத்துக்காகத் தை மாதத்தையொட்டித் தொடங்குவது ஒன்று, மழைக்காலத் தொடர் ஒன்று, குளிர்காலத் தொடர் ஒன்று. ஒரு தொடருக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது.

லோக் சபையில் காலை பதினொரு மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும். அமைச்சர்கள் வாய்மொழியாகவே பதிலளிக்க வேண்டிய கேள்விகள் நாளொன்றுக்கு இருபது வரை குறிக்கப்படுகின்றன. கூச்சல் காரணமாக அந்த ஒரு மணி நேரம் வீணாகிப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோம். சலிப்பு நியாயமானதே. ஆனால் அதே நாளில் எழுத்து மூலம் பதில் பெறும் கேள்விகள் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்குக் குழாய் நீர் சென்றது, பயிர் இன்ஷூரன்ஸ் தொகை எங்கே தேங்கியது என்பன போன்ற விவரங்கள் அந்தப் பதில்களில் அச்சாகி வருகின்றன. கூச்சல் செய்தியாகிறது, இவை செய்தியாவதில்லை.

இனி, எதைப் பற்றி வேண்டுமானாலும் டில்லியில் சட்டம் போடலாமா? முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. பாதுகாப்பு, இரயில், தபால் போன்றவை மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. போலீஸ், விவசாயம், உள்ளாட்சி முதலியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காடு, கல்வி, நிலம் எடுத்தல் போன்றவை பொதுப் பட்டியலில் உள்ளன; அவற்றில் இரண்டு இடத்திலும் சட்டம் போடலாம்; இரண்டும் முரண்பட்டால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். பஞ்சாயத்து மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் இதற்கே திரும்பி வரப்போகிறோம்.

சட்டமாவதற்கு முன் உள்ள வரைவுக்கு மசோதா என்று பெயர். பெரும்பாலானவற்றை அமைச்சர்களே கொண்டுவருகின்றனர். உரிய அமைச்சகம் கருத்தைச் சொல்ல, சட்ட அமைச்சகத்தில் வாசகம் எழுதப்படுகிறது. பிறகு மந்திரி சபை ஒப்புதலளிக்கிறது. அமைச்சரல்லாத அங்கத்தினரும் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால், சுதந்தரத்துக்குப் பின் அவ்வாறு வந்து சட்டமானவை 14 மட்டுமே. அவற்றில் கடைசியானது 1970-இல் நிறைவேறியது.

மசோதா சபையில் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. அறிமுகம் செய்வது முதற்கட்டம். அப்போது விவாதம் இல்லை. இரண்டாவதே முக்கியமானது. முதலில் மசோதாவின் கொள்கையைப் பற்றிப் பொதுவாகப் பேசுவர். பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் வோட்டுக்கு விடுவர். மூன்றாம் கட்டத்தில் முழு மசோதாவையும் ஏற்கலாமா வேண்டாமா என்பது மட்டுமே. ஆதரிப்போர் "ஆம்" என்றும் எதிர்ப்போர் "இல்லை" என்றும் குரல் கொடுக்க, எது வலிது என்பதைத் தலைவர் அறிவிப்பார். யாராவது அதை ஏற்காவிட்டால், அங்கத்தினர்கள் தத்தம் இடத்திலுள்ள பொத்தானை அழுத்தி வோட்டளிப்பர். ஒரு சபை முடித்தபின் அதே மூன்று கட்டங்களும் மறு சபையில் தொடங்கும். அதன்பின் ஜனாதிபதியின் கையொப்பம். பிறகு அரசிதழில் வெளியீடு. வெளியான அன்றே சட்டம் அமலுக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பல சட்டங்களில், அரசாங்கம் குறிக்கும் நாளில் அமலுக்கு வரும் என்று எழுதியிருக்கும்.

இதில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியது குழுக்களின் வேலை. சபையில் ஐந்நூறு பேர் உட்கார்ந்து ஒரு சட்டத்தை வரி வரியாகத் திருத்த முடியாது. ஆகவே, சில மசோதாக்களை இரு சபை அங்கத்தினர்களும் சேர்ந்த கூட்டுக் கமிட்டிக்கு அனுப்புவர். 1993 முதல் ஒவ்வொரு துறைக்கும் நிலையான குழுக்களும் அமைந்துள்ளன. அங்கே பல கட்சியினரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கின்றனர். நிபுணர்களையும் சங்கங்களையும் அழைத்துச் சாட்சியம் பெறுகின்றனர். தொலைக்காட்சிக் கருவி அங்கே இல்லை. அதனாலோ என்னவோ, வேலை நடக்கிறது.

உழவர்களுக்கு நேராகத் தொடர்புள்ள ஓர் உதாரணத்தைச் சொல்லுவோம். புதிய பயிர் இரகங்களை உருவாக்குவோருக்கு அவற்றின்மேல் உரிமை அளிக்க வேண்டும் என்று உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி நம் நாடு ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கான மசோதா 1999 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்தது. விதைக் கம்பெனிக்கு உரிமை கொடுத்தால், அறுவடையில் விதைநெல்லை எடுத்து வைக்கும் குடியானவனின் கதி என்ன? சம்பந்தி வீட்டுக்கு இரண்டு மரக்கால் விதை கொடுத்தால் அது குற்றமாகுமா? இந்த அச்சம் நாடெங்கும் எழுந்தது. மசோதா கூட்டுக் கமிட்டிக்குச் சென்றது. கமிட்டி பலரையும் விசாரித்து, மசோதாவை விரிவாகத் திருத்தி அமைத்தது. 2001-இல் நிறைவேறிய பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், உழவர் உரிமைகள் என்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அதன் 39-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புப் பெற்ற இரகமாயினும், தம் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. கம்பெனி முத்திரையிட்டு, அந்த இரகத்தின் பெயரைப் பொறித்து விற்பதே கூடாது. மேலும், இன்ன நிலையில் இவ்வளவு விளையும் என்று சொல்லி விற்ற பாதுகாப்புப் பெற்ற இரகத்தின் விதை அவ்வாறு விளையாவிட்டால், அதற்கான அதிகார அமைப்பிடம் நஷ்ட ஈடு கோரலாம். இந்த உரிமையை நம் வட்டாரத்தில் எத்தனை பேர் அறிவர்? விதைப் பையின் மேலுறையையும் ரசீதையும் பத்திரப்படுத்துவோர் எத்தனை பேர்? அந்த ரசீது இல்லாமல் நிரூபிப்பது கடினம்.

இனிப் பஞ்சாயத்துக்கு வருவோம்.

அரசியல் சட்டத்தின் முதல் வரைவில் கிராமப் பஞ்சாயத்து என்ற சொல்லே இடம்பெறவில்லை. அரசியல் நிர்ணய சபையில் பலர் இதைக் குறையாகச் சுட்டிக்காட்டினர். 1948 நவம்பர் 22-ஆம் தேதி, தஞ்சைத் தரணியைச் சேர்ந்த கே. சந்தானம் அவர்கள், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்னும் ஒரு புதிய விதியைப் பிரேரேபித்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40-ஆவது விதியாக இன்று இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறிகளில் ஒன்று. அதை அமல்படுத்து என்று நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. ஆகவே, பஞ்சாயத்து வாழ்வதும் மாள்வதும் மாநிலச் சட்டங்களையும் அவ்வக்கால அரசாங்கங்களின் எண்ணத்தையும் பொறுத்ததாயிற்று. நம் மாநிலத்திலேயே 1970-இல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தபின், அடுத்த தேர்தல் 1986-இல்தான் நடந்தது. இடையில் பதினாறு ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய இராஜீவ் காந்தி பிரதம மந்திரியாக இருந்தபோது 1989 மே மாதத்தில் ஒரு மசோதா வந்தது. பஞ்சாயத்து மாநிலப் பட்டியலில் இருப்பதால், பாராளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றினால் இதைச் செய்துவிட முடியாது. அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. ஒவ்வொரு சபையிலும் மொத்த அங்கத்தினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும், வந்திருந்து வோட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். அன்று லோக் சபையில் ஆளுங்கட்சிக்கு நானூறுக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் இருந்தனர். அங்கே மசோதா எளிதில் நிறைவேறியது. ஆனால், அக்டோபரில் ராஜ்ய சபையில் வோட்டெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மிகச் சில வோட்டுகள் குறைந்தன. மசோதா விழுந்தது. மாநிலங்களைத் தாண்டி மத்திய அரசு நேராகக் கிராமத்துக்குள் கை வைக்கிறது என்பதே எதிர்த்தவர்களின் வாதம். மாநிலங்களின் பிரதிநிதிகள் அமர்ந்த சபையில் அந்த வாதம் எழுந்ததில் வியப்பில்லை. அச்சபை எதற்காக ஏற்பட்டதோ அந்த வேலையைச் செய்தது என்றும் சொல்லலாம். பஞ்சாயத்து அன்பர்களுக்கு அது ஏமாற்றமே.

சாதாரண மசோதாவில் இரு சபைகளும் முரண்பட்டால், இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வோட்டெடுக்க வழியுண்டு. 1961, 1978, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவ்வாறு நடந்தது. 1961-இல் நடந்தது வரதட்சணைத் தடை மசோதாவுக்காக. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது. இரு சபைகளும் தனித்தனியே இசைந்தால்தான் உண்டு.

1991-இல் பி. வி. நரசிம்ம ராவ் பிரதம மந்திரியானார். அவர் கட்சிக்கு லோக் சபையில் தனிப் பெரும்பான்மைகூட இல்லை. அந்நிலையில்தான் செப்டம்பரில் மசோதா மீண்டும் வந்தது. இம்முறை அவசரம் காட்டவில்லை. நாதுராம் மிர்தா தலைமையில் கூட்டுக் கமிட்டிக்கு அனுப்பினர். கமிட்டி 1992 ஜூலையில் அறிக்கை தந்தது. எல்லாக் கட்சிகளும் இசையும் வண்ணம் வாசகம் திருத்தப்பட்டது. 1992 டிசம்பர் 22-ஆம் தேதி லோக் சபையும், மறுநாள் ராஜ்ய சபையும் நிறைவேற்றின. கலவரச் செய்திகள் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த மாதம் அது. கிராமத்துக்கு இப்படியொரு சட்டம் வந்ததைப் பலர் கவனிக்கவேயில்லை. நானூறு அங்கத்தினர்களைக் கொண்டு முடியாத காரியம், பெரும்பான்மையில்லாத அரசால் முடிந்தது. கூடிப் பேசியதால் முடிந்தது என்பது எமது அபிப்பிராயம்.

அத்துடன் வேலை தீரவில்லை. இத்திருத்தத்துக்கு மாநிலச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதலும் பெறப்பட வேண்டியிருந்தது. 17 மாநிலங்கள் ஒப்புதல் அளித்தன. 1993 ஏப்ரல் 20-இல் ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மா கையொப்பமிட்டார். ஏப்ரல் 24-இல் அமலுக்கு வந்தது. 2010 முதல் அந்த நாள் தேசியப் பஞ்சாயத்து நாளாகக் கொண்டாடப்படுகிறது. எழுபத்திரண்டாவது திருத்த மசோதாவாகப் புறப்பட்டது, எழுபத்து மூன்றாவது திருத்தச் சட்டமாக முடிந்தது. இந்த எண் வேற்றுமையைக் கண்டு சிலர் குழம்புகின்றனர். மாநிலங்கள் ஓராண்டுக்குள் தத்தம் சட்டங்களை இதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 ஏப்ரல் 22-இல் அமலுக்கு வந்தது. கெடுவுக்கு இரண்டே நாள் இருந்தது! அச்சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது.

இப்பொழுது அந்தத் திருத்தத்தின் வாசகத்தைச் சிறிது உற்றுப் பார்ப்போம். பெரியவர் கேட்ட வாய்க்கால் கேள்விக்கு விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சட்டத்தைப் படிக்கும்போது பெயர்ச் சொற்களைவிட வினைச் சொற்களையே கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது எமது அனுபவம். "வேண்டும்" என்று முடிகிறதா, "லாம்" என்று முடிகிறதா?

பஞ்சாயத்தின் காலம் ஐந்தாண்டு. அது முடியுமுன் தேர்தல் முடிந்தாக வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். இது 243-இ பிரிவு. ஆதி திராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள் தொகைக்கேற்ப இடம் ஒதுக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். இது 243-டி. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதிக் கமிஷன் அமைக்க வேண்டும். தேர்தலுக்கென மாநிலத் தேர்தல் கமிஷன் இருக்க வேண்டும். இவையெல்லாம் "வேண்டும்".

ஆனால் 243-ஜி பிரிவுக்கு வாருங்கள். பஞ்சாயத்துகள் சுயாட்சி நிறுவனங்களாக இயங்குவதற்குத் தேவையான அதிகாரங்களை மாநிலச் சட்டசபை சட்டத்தின் மூலம் அளிக்கலாம் என்கிறது. பதினோராவது அட்டவணையில் விவசாயம், சிறு பாசனம், குடிநீர், சாலை, ஆரம்பக் கல்வி என்று 29 துறைகள் உள்ளன. அவை அனைத்தும் தம் கைக்கு வந்துவிட்டன என்று புதிய தலைவர்கள் பலர் மகிழ்கின்றனர். அட்டவணையில் இருப்பதால் வந்துவிடவில்லை. அளிக்கலாம் என்ற ஒரு சொல் நடுவே நிற்கிறது. மாநிலச் சட்டமும் அதன்கீழ் வரும் அரசாணையும் எந்த அளவு அளித்திருக்கின்றனவோ அந்த அளவே நமக்கு அதிகாரம். மாநிலங்களின் இசைவு இல்லாமல் இத்திருத்தமே வந்திராது என்பதை எண்ணும்போது, அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். ஆகவே ஐயா, உங்கள் வாய்க்கால் பஞ்சாயத்தின் பொறுப்பிலுள்ளதா, பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ளதா என்பதற்கு டில்லிச் சட்டத்தைப் பார்த்துப் பயனில்லை; மாநிலச் சட்டத்தையும் அரசாணையையுமே பார்க்க வேண்டும். "சட்டத்தைப் பார்க்க வேண்டும்" என்று நாம் சொன்னது தவறில்லை. எந்தச் சட்டத்தை என்று சொல்லாததே எமது தவறு.

பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு சொல். கிராமத்துக்கு 1993-இல் ஒதுக்கீட்டை அளித்த பாராளுமன்றம், தனக்கே அதை விதித்துக்கொள்ளும் மசோதாவை 1996-இல் முதன்முதல் எடுத்தது. பலமுறை வந்தும் அது நிறைவேறவில்லை. 2010-இல் ராஜ்ய சபை ஏற்றது. லோக் சபை எடுத்துக்கொள்ளாமலே 2014-இல் காலாவதியாயிற்று. கடைசியில் 2023 செப்டம்பரில்தான் இரு சபைகளும் நிறைவேற்றின. அதுவும், மக்கள் தொகைக் கணக்கெடுத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்தபின் என்ற நிபந்தனையோடு. நம் மாநிலத்திலோ 2016-இலேயே உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் திருத்தப்பட்டது. இவ்விஷயத்தில் கிராமம் டில்லிக்கு முன்னால் நடந்தது. நடந்தது உண்மை, ஆனால் தலைவி அம்மையாரின் நாற்காலியில் கணவர் அமரும் வழக்கத்தை எந்தச் சபையும் சட்டம் போட்டு ஒழிக்க முடியாது. இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் அதைப் பற்றிப் பிற்பகலில் தாங்களே பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

பண மசோதாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது லோக் சபையில்தான் தொடங்கும். ராஜ்ய சபை பதினான்கு நாளுக்குள் யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது.

நிலத்தைப் பற்றிய சட்டமொன்று இரு சபைகளுக்கும் இடையே போய்வந்ததை மட்டும் குறிப்பிடுவோம். பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்க வெள்ளையர் காலத்து 1894-ஆம் ஆண்டுச் சட்டமே நெடுநாள் இருந்தது. புதிய மசோதா 2011 செப்டம்பரில் வந்தது. கிராம வளர்ச்சிக்கான நிலைக்குழு அதை ஆராய்ந்தது. 2013 ஆகஸ்ட் 29-இல் லோக் சபை நிறைவேற்றியது. செப்டம்பர் 4-இல் ராஜ்ய சபை சில திருத்தங்களோடு ஏற்றது. திருத்தியதால் அது மீண்டும் லோக் சபைக்குத் திரும்பி, மறுநாள் அங்கே ஒப்புதல் பெற்றது. 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இரு சபைகளும் ஒரே வாசகத்தை, கமா புள்ளி மாறாமல் ஏற்றாக வேண்டும்.

பாராளுமன்றம் கூடாத காலத்தில் அவசரத் தேவை ஏற்பட்டால், மந்திரி சபையின் யோசனைப்படி ஜனாதிபதி அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். பாராளுமன்றம் கூடி ஆறு வாரத்துக்குள் அதை ஏற்காவிட்டால் அது மடிந்துபோகும். 2020 ஜூனில் விவசாய விளைபொருள் வியாபாரம் முதலியன பற்றி மூன்று அவசரச் சட்டங்கள் வந்தன. செப்டம்பரில் அவை மசோதாக்களாகி நிறைவேறின. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்க, டில்லி எப்படி இதைச் செய்தது என்று கேட்கலாம். உணவுப் பொருள் வியாபாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. அதையே ஆதாரமாகக் காட்டினர். அம்மசோதாக்கள் எந்தக் குழுவின் பரிசீலனைக்கும் அனுப்பப்படவில்லை. வட இந்திய உழவர்கள் ஓராண்டுக்கு மேல் டில்லி எல்லையில் போராடினர். 2021 நவம்பர் 29-ஆம் தேதி, ஒரே நாளில் இரு சபைகளும் விவாதமின்றி அச்சட்டங்களை ரத்து செய்தன. அவற்றின் நன்மை தீமையை எடைபோடுவது ஓர் அதிகாரிக்கு அழகன்று. ஆனால் குழுவில் கிடந்து வந்த விதைச் சட்டத்தையும், வந்த வேகத்தில் திரும்பிய இவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

"எங்களை யாராவது கேட்டார்களா?" என்பது பெரியவரின் இரண்டாவது கேள்வி. குழுக்கள் மசோதாவை ஆராயும்போது, பொதுமக்கள் கருத்தை எழுதியனுப்பலாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்வதுண்டு. சங்கங்களும் நகரத்து நிபுணர்களும் எழுதுகின்றனர். கிராமத்திலிருந்து செல்பவை குறைவு. பஞ்சாயத்தின் தீர்மானத்தையோ கிராம சபையின் தீர்மானத்தையோ இணைத்து நாமும் எழுதலாம். மேலும், லோக் சபையில் மனுக்களுக்கென்றே ஒரு குழு உண்டு. நம் தொகுதி அங்கத்தினர் மேலொப்பமிட்டு அதை அங்கே சமர்ப்பிக்கலாம். மனுவைத் தமிழில் எழுதினால், ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையொப்பமிட்டு இணைப்பது அவசியம். அதை ஆங்கிலப்படுத்த எங்கள் அலுவலகத்தில் உதவி கிடைக்கும்; கட்டணம் எதுவும் இல்லை. எழுதும்போது பொதுப்படக் குறை கூறாமல், இன்ன சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன சொல் எங்கள் ஊரில் இப்படிப்பட்ட இடையூறு தருகிறது என்று குறிப்பிடுங்கள். ஊர்ப் பெயர், சர்வே எண், நடந்த தேதி ஆகியவை இருந்தால் அத்தகைய கடிதத்தை ஒதுக்கி வைப்பது கடினம்.

அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியும் பதினோராவது அட்டவணையும் தமிழில் படியெடுத்து, வாசலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். ஊருக்கொரு படி எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் மாநில ஊராட்சிச் சட்டமும் இருக்கிறது. உணவு இடைவேளைக்குப் பிறகு 29 துறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று இரண்டு புத்தகங்களையும் வைத்துச் சரிபார்ப்போம். சிறு பாசனத்திலிருந்து, அதாவது பெரியவரின் வாய்க்காலிலிருந்து, தொடங்குவோம்.